நேற்றைய பதிலை நம்பாத ஆள்

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் நான் அவருக்குச் சிலை வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு ஆகாது. எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோதே, இது யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று கேட்டவர் அவர்.

விருதுநகர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தினமும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ் ஏறுவார். போர்டில் சிவகாசி என்று எழுதியிருக்கும். அதைப் படிப்பார். பிறகு கண்டக்டரிடம் கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டு ஆளிடமும் கேட்பார். ஒரு நாள் அந்தப் பக்கத்து சீட்டு ஆள் நான். காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். நான்கு மாதமாக ஒரே ஆபீசில் முகத்தைப் பார்க்கிறோம். என்னிடமும் கேட்டார், இது சிவகாசிதானே போகுது என்று. எனக்கு எரிச்சல். இல்லை, மெட்ராசுக்குப் போகுது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து மறுபடியும் கண்டக்டரிடம் போனார்.

நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் டெலிபோன் போர்டு பார்த்தேன். ஒன்பது வருடம். கம்பெனிக்கு இரண்டு யூனிட். ஒன்று வெம்பக்கோட்டை பக்கம், ஒன்று அச்சங்குளத்தில். எந்தப் பக்கத்திலிருந்து யார் யாரோடு பேச வேண்டுமானாலும் என் போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். குரலைக் கேட்டவுடன் ஆளைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

அந்த வேலையில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு உயிர். அதை நாங்கள் இடி போன் என்போம். மழை மேற்கே மலைப்பக்கம் இருந்து வரும். முதலில் வெம்பக்கோட்டையில் தெரியும். அங்கிருந்து எனக்கு போன் வரும். நான் அச்சங்குளத்துக்குச் சொல்வேன். அச்சங்குளம் ஃபோர்மேன் மணி அடிப்பார். வெடிமருந்து அறைகளில் இருப்பவர்கள் கையில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, தூரத்தில் இருக்கிற கொட்டகைக்குப் போய்விடுவார்கள். மின்னல் ஒரு மருந்து அறையில் இறங்கினால் உள்ளே இருப்பவர்களை அள்ளித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அச்சங்குளத்தில் யாருக்கும் கண் இல்லையா, வானத்தைப் பார்க்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். கண் இருக்கிறது. ஆனால் ஃபோர்மேன் தானாக மணி அடித்தால், மழையும் பெய்யவில்லை, அரை நாள் வேலையும் போச்சு என்று மேனேஜர் கிழித்துவிடுவார். ஆபீசிலிருந்து போன் வந்து அடித்தால் பழி ஆபீஸ் மேல். அதனால் போன் வந்தால்தான் மணி. தலைக்கு மேல் கறுத்துக்கொண்டு நின்றாலும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முட்டாள்தனம்தான். ஆனால் எங்கள் கம்பெனியில் அதுதான் நடைமுறை.

என் தங்கச்சி அச்சங்குளத்தில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். சொல்லிச் சேர்த்துவிட்டது நான்தான்.

அச்சங்குளம் லேண்ட்லைன் மாதத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும். ஃபாக்டரிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி உண்டு. வாட்ச்மேன் முதல் ஃபோர்மேன் வரை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். இதனால்தான் முதலாளி இந்த ஆளைக் கூட்டிவந்தார். மூன்று இடத்திலும் கூரை மேல் ஒரு தட்டு ஆண்டெனா, உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பேச்சு இன்டர்நெட் வழியாகப் போகும். பெட்டியும் பெட்டியும் தாங்களே பேசிக்கொள்ளும், நடுவில் போர்டு தேவையில்லை என்று மேனேஜர் என் காதில் விழும்படியே சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆள் எனக்கு எதிரி.

வந்த முதல் நாளே தன் டீ கிளாசைத் தானே கொண்டுவந்தார். பிளக் போர்டும் அவருடையது. எங்கள் சுவரில் இருந்த ஒவ்வொரு பிளக்கையும் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். காலையில்தானே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"காலையில இருந்துச்சு. இப்பவும் இருக்கணும்னு என்ன இருக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். செல்போனில் கூப்பிட்டால் எடுத்தவுடன் கட் செய்துவிடுவார். பிறகு ஆபீஸ் லேண்ட்லைனுக்கு அவரே கூப்பிடுவார். கூப்பிட்டது நிஜமாகவே ஆபீசா என்று பார்க்கிறாராம். முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் போய்ச் சொன்னால், முதலாளிக்கு போன் போட்டு, கூப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதலாளி அடுத்த அறையில் இருப்பார்.

பெட்டிகளையும் அப்படியேதான் அமைத்தார். எனக்கு அது புரிந்ததற்குக் காரணம், நான் சண்டை போடுவதற்காகக் கேட்ட கேள்விக்கு அவர் உட்கார்ந்து பதில் சொன்னதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் இன்டர்நெட்டில் ஒரு நம்பர் உண்டு. ஆனால் அது நிலையான நம்பர் இல்லை. பெட்டி செத்துப் பிழைத்தால் நம்பர் மாறிவிடும். அதனால் மூன்று பெட்டிக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்தார். எந்தப் பெயர் இப்போது எந்த நம்பரில் இருக்கிறது என்று ஒரு ஏடு இன்டர்நெட்டில் இருக்கிறது. டி.என்.எஸ். என்றார். பெட்டி எழுந்தவுடன் தன் புது நம்பரை அந்த ஏட்டில் சொல்லிவிடும். சிவகாசிப் பெட்டி அச்சங்குளத்தைக் கூப்பிட வேண்டுமென்றால், ஒவ்வொரு தடவையும் ஏட்டிடம் கேட்டுவிட்டுத்தான் போகும். போன தடவை கேட்ட பதிலை ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்காது, தூக்கிப் போட்டுவிடும். அந்தப் பக்கம் அச்சங்குளமும் சும்மா எடுக்காது. சிவகாசி என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் நிஜமாகவே சிவகாசி இருக்கும் நம்பரிலிருந்துதான் வருகிறானா என்று ஏட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.

பெட்டிக்கும் உங்கள் புத்தியையே வைத்துவிட்டீர்கள் என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பேச்சு தெளிவாகக் கேட்டது. இடி போன் மட்டும் பழையபடி ஆபீஸ் வழியாகத்தான் போனது. ஆனால் எனக்குச் சந்தேகம் விழுந்தது. ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி சர்வர் ரூம் ஆக்கியிருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்து அந்த ஆள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருப்பார். யாராவது போனில் பேசும் நேரத்தில்தான் மாட்டியிருப்பார். ஒரு நோட்டு வைத்திருந்தார். யார் யாரைக் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுவார். நான் உள்ளே போனால் நோட்டை மூடிவிடுவார்.

நான் போர்டில் என்னென்னமோ பேசியிருக்கிறேன். அச்சங்குளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு வீட்டிலிருந்து சேதி வந்தால் சொல்லிவிடுவேன், அது கம்பெனி ரூல்ஸ்படி தப்பு. என் தங்கச்சியோடு குடும்பக் கதை பேசியிருக்கிறேன். முதலாளியைப் பற்றியும் பேசியிருக்கிறேன், நல்லதாக இல்லை. இதெல்லாம் அந்த நோட்டில் ஏறி முதலாளி மேசைக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன். அதற்குத்தான் ஆளை வைத்திருக்கிறார்கள், போன் எல்லாம் சும்மா சாக்கு என்று எனக்குத் தோன்றியது. போர்டை எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது. அதை மறைக்க மாட்டேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஆதாரம் ஒன்றும் இல்லை, ஹெட்ஃபோனைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒட்டுக்கேட்கிறார் என்று அடித்துச் சொன்னேன். மேனேஜர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. எவ்வளவு நாளாக என்று கேட்டார். என் பேச்சையா, உங்கள் பேச்சையா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டே நாளில் அந்த ஆளை நிறுத்திவிட்டார்கள். முதலாளியிடம் என்ன சொல்லி நிறுத்தினார் என்று தெரியாது. போகும்போது அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. டீ கிளாசையும் பிளக் போர்டையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள மேனேஜரின் மச்சினன் வந்தான். விருதுநகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். சிவகாசிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். இதென்ன, பக்கத்து ஊருக்கு போன் பேச எங்கேயோ போய்ப் பெயரைக் கேட்டுவிட்டு வருகிறது, நம்பரையே எழுதிவிட்டால் நேராகப் போகுமே என்றான். அச்சங்குளத்தின் அன்றைய நம்பரை எழுதினான். போன் முன்பைவிடச் சீக்கிரம் மணி அடித்தது. மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அச்சங்குளத்துப் பெட்டியை அவன் தொடவில்லை. அந்த வெயிலில் அவ்வளவு தூரம் யார் போவது? பாஸ்வேர்டை மறந்துவிடக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டிவைத்துவிட்டுப் போனான்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. கரண்ட் போகும், வரும். பேட்டரி இருந்ததால் பெட்டி சாகவில்லை, நம்பரும் மாறவில்லை. ஆனால் அச்சங்குளத்தில் இடி என்றால் மெயின் சுவிட்சை மட்டும் இறக்க மாட்டார்கள். பேட்டரி ஒயரையும், ஆண்டெனா ஒயரையும், இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். மின்னல் எந்த ஒயரில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆக, அந்தப் பெட்டி சாவது இடி நாளில் மட்டும்தான். இதை மச்சினனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் லேசாக இடித்தது. வெம்பக்கோட்டை சொன்னது, நான் அச்சங்குளத்துக்குச் சொன்னேன், மணி அடித்தார்கள், எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். மழை தூறலோடு போய்விட்டது. திரும்ப எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

மூன்று மணிக்கு வெம்பக்கோட்டையிலிருந்து மறுபடியும் போன். இந்தத் தடவை அந்த ஃபோர்மேன் குரலே சரியில்லை.

"யக்கா, இது வேற மாதிரி வருது. எங்காளுகளை வெளியேத்தியாச்சு. அச்சங்குளத்துக்குச் சொல்லிருங்க, நாங்க ஒயரைப் பிடுங்கப்போறோம்."

சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. நான் அச்சங்குளத்தை அடித்தேன். மணி போகவில்லை. எதுவும் போகவில்லை. காதில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அடித்தேன். பத்துத் தடவை அடித்திருப்பேன். அச்சங்குளம் லேண்ட்லைனும் செத்துக் கிடந்தது. வாட்ச்மேன் செல் அணைந்து மரப்பெட்டியில் கிடந்தது. மேனேஜர் பேங்குக்குப் போயிருந்தார், அவருக்கு போன் போகவில்லை. மச்சினன் எடுத்தான், மாலையில் வந்து பார்க்கிறேன் என்றான். டிரைவரை பைக்கில் அச்சங்குளத்துக்கு விரட்டினேன். அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். மேகத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது, மேற்கே முழுக்க மை கொட்டின மாதிரி. போன் வராததால் அங்கே மணி அடிக்க மாட்டார்கள். என் தங்கச்சி மருந்து அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஆளின் நம்பரை அடித்தேன். எடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் கட் செய்தார்.

ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். போர்டில் லேண்ட்லைன் அடித்தது.

"யாரு?"

"போர்டுலருந்து பேசுறேன் அண்ணாச்சி. அச்சங்குளம் போக மாட்டேங்குது. வெம்பக்கோட்டையில இடி எறங்கிட்டு."

"நீங்கதான் பேசுறீகன்னு எப்படித் தெரியும்?"

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

"சரி, நீங்கதான்," என்றார். "மத்தியானம் அங்கன எல்லாத்தையும் பிடுங்குனாகளா?"

பிடுங்கினார்கள் என்றேன். மேனேஜரின் மச்சினன் பெயரை எடுத்துவிட்டு நம்பரை எழுதியதையும் சொன்னேன். அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அச்சங்குளம் மாட்டியவுடன் புது நம்பரை ஏட்டில் சொல்லிவிட்டது, அது தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சிவகாசிப் பெட்டிதான் கேட்காமல் பழைய இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

"அப்ப நீங்களே அங்க கூப்பிட்டுச் சொல்லிருங்க அண்ணாச்சி."

"என்னைய உள்ள விடாது."

"நீங்க வச்ச பெட்டிதானே?"

"வச்சவன்னா என்ன? மூணு பேருக்கு மட்டுந்தான் கதவு. நாலாவதா என்னைய நான் எழுதல."

தன்னையே நம்பாத ஆளோடு என்ன பேசுவது? சர்வர் ரூமுக்கு போனை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து பாஸ்வேர்டைத் தட்டினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அச்சங்குளம் என்று எழுதியிருந்த வரி வந்தது. பக்கத்தில் நம்பர் இருந்தது. புது நம்பரைச் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன் என்றேன். சொல்ல மாட்டேன் என்றார். நான் சொல்கிற நம்பரை நீங்கள் எப்படி நம்புவீர்கள், பெயரைப் போடுங்கள், பெட்டியே கேட்டுக்கொள்ளட்டும் என்றார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னார். ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். ஒரு எழுத்தை இரண்டு தடவை அடித்துவிட்டு அழித்தேன். கடைசியில் சேமித்து, பெட்டியை ஏட்டிடம் திரும்பவும் கேட்கவைக்கும் கட்டளையை அடித்தேன்.

அச்சங்குளத்தை அடித்தேன். மணி போனது.

"என்னத்தா?" என்றார் அங்கே ஃபோர்மேன். சாவகாசமாக.

"மணி அடிங்க."

என் குரல் அவருக்குப் போதும். ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினார். எனக்கு மணிச் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண் சிரித்தது கேட்டது. பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் டிரைவர் கேட்டிலிருந்து செல்லில் பேசினார். எல்லோரும் கொட்டகையில் இருக்கிறார்கள், தங்கச்சி டீ குடிக்கிறாள் என்றார். மின்னல் வேலிக்கு வெளியே கருவேலங்காட்டில் இறங்கியதாம். மருந்து அறை ஒன்றுகூட அசையவில்லை.

அசையவில்லை என்பதால் மேனேஜருக்கு அது ஒரு சம்பவமே இல்லை. சாயங்காலம் வந்து, அரை நாள் வேலை போச்சு, சர்வர் ரூமுக்குள் யார் போனது என்று கேட்டார். நான் போனேன் என்றேன். நேராக முதலாளி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளைப் பற்றிப் புகார் சொன்னது நான்தான், ஆதாரமில்லாமல் சொன்னேன் என்பதையும் சொன்னேன். முதலாளி மேனேஜரை உள்ளே கூப்பிட்டார். என் வேலை போகவில்லை. அந்த ஆளைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவர் முதலாளியின் ஆள்தானா என்று அவருக்கு உறுதிப்படவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். கட் செய்தார், திரும்பக் கூப்பிட்டார். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சுருக்கமாக முடித்துவிடலாம் என்று தொடங்கினேன்.

"அண்ணாச்சி, நீங்க ஒட்டுக்கேக்கீகன்னு மேனேஜர்ட்ட சொன்னது நான்தான். தப்புதான்."

"அதுல என்ன தப்பு? கேட்டேன்ல."

எவ்வளவு கேட்டீர்கள் என்றேன். எல்லாவற்றையும் என்றார். லைன் சரியாக இருக்கிறது என்று காதால் கேட்காமல் எதை வைத்து நம்புவது என்றார். மேனேஜர் பேசியதையுமா என்றேன். ஆமாம் என்றார். நான் தங்கச்சியோடு பேசியதையும், முதலாளியைப் பற்றிப் பேசியதையுமா என்று கேட்டேன். நான் முதலாளியை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

அவரால்தான் என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"யார் யார்ட்ட சொன்னீக?" என்றேன்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லல," என்றார். "யாரை நம்பிம்மா சொல்றது?"